முதன்மை முகவரி

முதலாவது, வக்கீல் சிதம்பரநாதன். இறால் உரிக்கும் பெண்கள் சங்கக் கட்டடத்தின் பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, எல்லாம் உங்கள் நன்மைக்குத்தானம்மா என்று சொல்லி, மறு வருஷமே கீழ்த்தளத்தை மருந்துக் கடைக்கு வாடகைக்கு விட்டவன். இரண்டாவது, பொருளாளர் சவரியானந்தம். சங்கத்துக்கு வாங்கிய டிரெடில் அச்சு மிஷினின் ரசீதில் தன் பெயரைப் போடவைத்து, சண்டை முற்றிய அன்று அதைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்தவன். மூன்றாவது, தலைவி லூர்தம்மாள். ஆண்களை மட்டும் சொன்னால் நியாயமாகாது என்று பாக்கியத்தாய் இந்தத் துரோகிகள் வரிசையில் அவளை ஒருநாளும் விட்டதில்லை. வேலைநிறுத்தத்தின் நடுவில் சங்க முத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக மேனேஜர் அறைக்குள் போய், வெளியே வரும்போது ஒப்பந்தத்தோடு வந்தவள். நான்காவது, ஞானதுரை. சங்கத்தின் இணையக் கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறந்தவன், பிறகு கம்பெனிக்குப் போனவன். நான்காவதைப் பற்றி அவள் இதற்கு மேல் ஒரு சொல் நினைப்பதில்லை. அவன் அவள் வயிற்றில் பிறந்தவன் என்பது ஐந்தாவதாக வரவேண்டிய செய்தி. பாக்கியத்தாயின் வரிசையில் ஐந்தாவது கிடையாது. வரிசை பிசகாமல் சொன்னால் எதிரிக்குப் பதில் சொல்ல இடமிருக்காது என்பது அவள் துண்டுப் பிரசுரங்களில் கற்ற பாடம். இப்போதும், தூத்துக்குடி துறைமுக ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறையில், மத்தியான வெக்கையில், மடிக்கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நாலையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தெளிவாகத்தான் இருந்தது. எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் இந்தப் பெண் ஜெபக்கனி பொத்தானை அழுத்தாமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அமுக்கட்டுமா யக்கா?" என்றாள் இணைச் செயலாளர் ஜெபக்கனி. காலை ஷிப்டு முடிந்து வந்தவள், கையில் இன்னும் இறால் வாடை. "அமுக்கத்தானே உன்னைய உக்கார வச்சிருக்கேன்" என்றாள் பாக்கியத்தாய். தானே அழுத்தியிருப்பாள். ஆனால் முப்பது வருஷம் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்த விரல்களை இந்த யந்திரங்கள் மதிப்பதில்லை. ரேஷன் கடையில் ரேகை விழாது, போன் திரையில் தொட்டால் தொட்டதாக ஆகாது, சூடான தம்ளரைப் பிடித்துவிட்டுக் கை சிவந்த பிறகுதான் சுட்டது என்று தெரியும். உடம்பில் இருக்கிற ரேகையைக் கூடக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று ஒருமுறை நோட்டீசில் எழுதினாள், நல்ல வரி, துறைமுக வாசலில் ஆட்கள் நின்று வாசித்தார்கள். திரையில் தமிழில்தான் இருந்தது: முதன்மை மின்னஞ்சல் முகவரி. அதன் கீழே அந்த நான்காவது ஆளின் முகவரி, அவன் பெயரும் பிறந்த வருஷமும் ஒட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான், மாற்றவும். தயவுசெய்து என்று இல்லை, விரும்பினால் என்று இல்லை. எழுதத் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள். நோட்டீசுத் தலைப்பு அப்படித்தான் இருக்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். பதினேழு வயதில் விநியோகிக்கச் சொல்லி ஒரு கட்டு நோட்டீசைக் கையில் திணித்தபோது, நான் வாசிக்காத காகிதத்தை இன்னொருத்தருக்கு எப்படிக் கொடுப்பேன் என்று கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுத்தவர்கள் வேறு வழியில்லாமல் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார்கள். அவள் படிப்பு அங்கே தொடங்கியது, பசை வாளிக்கும் சுவருக்கும் நடுவில். அதனால்தான் எந்த வரியையும் அவள் இரண்டுமுறை வாசிப்பாள், இதையும் வாசித்தாள், மாற்றவும். புதிய முகவரி என்ன போடலாம் என்று போன வாரம் பேச்சு வந்தபோது ஜெபக்கனி, உங்க பேர்லயே போட்டிருவோம்க்கா, நீங்க மட்டுந்தான் கடைசிவரைக்கும் மாறாத ஆளு, என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நன்றாக இருந்ததையே பிடித்து நிறுத்தி, சிதம்பரநாதனுக்கும் அப்படித்தான் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து, எந்த மனுசன் பெயரும் கூடாது, சங்கத்தின் பெயரையே போடு, சாவியை மூன்று பேர் வைத்துக்கொள்வோம் என்று முடித்துவிட்டாள். முடிவெடுப்பதில் அவளுக்கு எப்போதும் நேரம் ஆனதில்லை.

ஜெபக்கனி அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றி நின்றது, ஒரு புதிய வரி வந்தது. தற்போதைய முகவரிக்கு ஓர் எண் அனுப்பியுள்ளோம், அதை இங்கே இடவும். மூன்று பேரும் அதை வாசித்தார்கள். மூன்றாவது ஆள் புஷ்பம், பாக்கியத்தாயோடு ஒரே மேசையில் எதிரெதிரே நின்று இறால் உரித்தவள், சாட்சிக்கு என்று வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள். "தற்போதைய முகவரின்னா யாருக்குளா?" என்றாள். "துரைக்கு" என்றாள் ஜெபக்கனி மெதுவாக. "அப்பம் திருடன்கிட்டயே போயி சாவியக் கேக்கச் சொல்லுதான்" என்று சிரித்தாள் புஷ்பம். பாக்கியத்தாய் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எதிரியிடம் போய்க் கேட்பது அவளுக்குப் புதிதல்ல. தொழிலாளர் அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள், கலெக்டர் ஜீப்பை மறித்துக் கேட்டிருக்கிறாள், கேட்பது நம் உரிமை, கொடுப்பது அவன் கடமை, இதில் கூச்சம் எங்கே வருகிறது. திங்கட்கிழமை விசாரணை. போன வாய்தாவில் கம்பெனி வக்கீல் எழுந்து, ஐயா, இந்த வீடியோக்கள் இருக்கும் கணக்கு எங்கள் நலத்துறை அதிகாரி ஞானதுரையின் முகவரியில் இருக்கிறது, சங்கம் எந்த உரிமையில் இதைத் தாக்கல் செய்கிறது என்று கேட்டபோது, நீதிமன்றத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் தலை குனிந்தார்கள். அவள் குனியவில்லை. கணக்கு சங்கத்துடையது என்று அடுத்த வாய்தாவுக்குள் காட்டுங்கள் என்றார் நீதிபதி. காட்டாவிட்டால் வீடியோக்கள் இல்லை. வீடியோக்கள் இல்லையென்றால் அமோனியா கசிந்த அன்று கம்பெனிக் கதவு திறந்திருந்தது என்பதுதான் உண்மையாகிவிடும். கதவு பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பூட்டியிருந்தது, இறாலை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவோமாம். அமோனியா வாடை முதலில் மூக்கில் அல்ல, கண்ணில்தான் வந்தது, வெங்காயம் உரிக்கிற மாதிரி என்று யாரோ சொன்னார்கள், பிறகு தொண்டையில், பிறகு எல்லோரும் கதவுக்கு ஓடினார்கள், கதவு கதவாக இல்லை, சுவராக இருந்தது. கூட இறால் உரித்த எஸ்தர் அதைத் தட்டித் தட்டியே கீழே விழுந்தாள். இன்றைக்கும் கழிவறைக்கு ஊற்றும் திராவகத்தின் மணம் வந்தால் பாக்கியத்தாய் முதலில் கதவு எங்கே என்றுதான் பார்ப்பாள். இந்த அறையிலும் பார்த்தாள். திறந்திருந்தது, ஒரு செங்கல் வைத்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல்.

அந்த வீடியோக்களை எடுத்தவன் அவன்தான். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாயில் கிடந்த பெண்களிடம் ஒருவர் ஒருவராகக் குத்தவைத்து உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பையன், போனை நீட்டிப் பிடித்து, பேர் சொல்லுங்க, அம்மா பேர் சொல்லுங்க, வாடை எப்ப வந்துச்சு, கதவு எப்படி இருந்துச்சு என்று கேட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எஸ்தர் பேசிய கடைசிப் பேச்சு அவன் எடுத்ததில்தான் இருக்கிறது. பாக்கியத்தாயிடமும் வந்தான். ஆக்சிஜன் முகமூடியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெத்த தாயைப் பார்த்து, உங்க பேர் சொல்லுங்க என்றான், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில். அவளும் மற்றவர்களைப் போலவே சொன்னாள், சுடலைவடிவு மகள் பாக்கியத்தாய். அன்றைக்கு அவனைப் பார்த்தபோது நெஞ்சில் வந்தது வலியா, மூச்சுத் திணறலா, இன்னொன்றா என்று பிரித்துப் பார்க்க அப்போது காற்று இல்லை. போதும், அது இப்போது தேவையில்லாத பக்கம். தேவையான பக்கம் எது என்றால், அடுத்த வருஷமே அதே பையன் கம்பெனி கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டு வந்து, உள்ள இருந்தா நாலு காரியம் செய்யலாம்மா, கதவுல பூட்டுப் போடாமலாவது பாத்துக்கலாம், என்றான். பூட்டுகிறவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டா என்று கேட்டாள். அவன் போய்விட்டான், இந்த மடிக்கணினியின் சார்ஜரைக் கூட எடுக்காமல். அந்தச் சார்ஜர்தான் இப்போதும் சுவரில் மாட்டியிருக்கிறது, ஒயர் பிய்ந்த இடத்தில் ஜெபக்கனி டேப் சுற்றியிருக்கிறாள். அதன் பிறகு கதவில் பூட்டுப் போடவில்லை என்பது சங்கம் போட்ட வழக்கால். வழக்கால்தான். அதை அவள் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறாள்.

"கூப்பிடுதேன்க்கா" என்று ஜெபக்கனி போனை எடுத்தாள். "ஒலிபெருக்கியில போடு, சாட்சி கேக்கணும்" என்றாள் பாக்கியத்தாய். சாட்சி என்றதும் புஷ்பம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். சங்கத்து விதி அது. சவரியானந்தம் அச்சு மிஷினோடு போன அன்று, பாக்கியத்தாயே எழுந்து கொண்டுவந்த தீர்மானம். சங்கத்தின் சொத்து ஒருவர் கையிலிருந்து நீங்கினால், அவர் துரோகியானாலும் சரி, செத்துப்போனாலும் சரி, இரண்டு சாட்சிகள் முன்னால் அவர் பெயரைத் தாயின் பெயரோடு வாசிக்கவேண்டும், சாட்சிகள் கேட்டோம் என்று சொல்லவேண்டும், அதுவரைக்கும் நீங்கியது செல்லாது, அவரும் சங்கத்து ஆள்தான். கம்பெனி வாசல் பதிவில் எல்லாப் பெண்களையும் புருஷன் பெயரால் எழுதினார்கள், இன்னார் மனைவி என்று. சங்கத்தில் மட்டும் தாய் பெயர். தீர்மானத்துக்கு முன்பே போய்விட்ட சிதம்பரநாதன் பெயரையும் வாசிக்க, அவன் தாய் பெயர் தெரியாமல், அவன் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு இறால் கொண்டுபோய்க் கேட்டு வந்து, காந்திமதி மகன் சிதம்பரநாதன் என்று கடற்கரைக் கூட்டத்தில் கணீரென்று வாசித்தவள் அவள். சவரியானந்தம் பெயரையும் லூர்தம்மாள் பெயரையும் வாசித்தாள். எஸ்தர் அலமாரிச் சாவி வைத்திருந்ததால் அவள் பெயரையும் வாசித்தாள், அந்தச் சாவி எஸ்தரின் தாலிக் கயிற்றில் முடிந்திருந்ததை ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் கொடுத்தார்கள், அன்னக்கிளி மகள் எஸ்தர், கேட்டோம் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். துரோகிக்கும் செத்தவளுக்கும் ஒரே வாசிப்பு. நான்காவதாக ஒரு பெயர் மட்டும் வாசிக்கப்படாமல் கிடந்தது. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள், கம்ப்யூட்டர் விவகாரம்தானே என்றார்கள், அடுத்த கூட்டத்தில் கஞ்சித்தொட்டி விவகாரம் வந்தது, அதற்கடுத்து வெள்ளம் வந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மரியாதை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்த மரியாதையைத்தான் கம்பெனி வக்கீல் நீதிமன்றத்தில் எடுத்து உதறிக் காட்டினான். "ஏளா பாக்கியம்" என்றாள் புஷ்பம், போன் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, "வக்கீலோட அம்மா பேரு தெரிய ரெண்டு கிலோ இறால் கொண்டுபோனவ நீ. இவனோட அம்மா பேரு தெரியணும்னா யாரு வீட்டுக்கு இறால் கொண்டுபோணும்?" ஜெபக்கனி தலையைத் திருப்பிக்கொண்டாள். "எங்க வீட்டுக்குத்தான் கொண்டுவா, உரிச்சுக் கொண்டுவா" என்றாள் பாக்கியத்தாய், குரல் கொஞ்சமும் இறங்காமல்.

"சொல்லுங்க ஜெபாக்கா" என்றது போன். பின்னால் ஐஸ் உடைக்கிற யந்திரத்தின் சத்தம். அந்தச் சத்தத்தை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். விரல் முதலில் அதைக் கேட்டது, பிறகுதான் காது. ஒரு கதவு சாத்துகிற சத்தம், யந்திரம் அடங்கியது. குரல் கனத்திருக்கிறது. இவ்வளவு வருஷத்தில் கனக்காமல் என்ன செய்யும். "துரை, உனக்கு மெயில்ல ஒரு நம்பர் வந்திருக்கும்" என்றாள் ஜெபக்கனி. "வந்திருக்கு. பாத்தேன்." "அதைச் சொன்னியன்னா…" என்று இழுத்தாள்.  இப்போது அழித்துவிடுவானோ, ஒரு பொத்தான்தானே, எஸ்தரும் கதவும் வராந்தாவும் ஒரு நொடியில், என்று பாக்கியத்தாய்க்குள் ஓர் எண்ணம் குளிர்ந்த தண்ணீர் போல மேலேறியது. ஏறட்டும். பயம் வரும்போது வரிசையைச் சொல்லவேண்டும், முதலாவது சிதம்பரநாதன், இரண்டாவது, இல்லை, இவன் அழிக்க மாட்டான். இது நம்பிக்கை அல்ல, கணிப்பு. எடுத்தவன் அழிக்க மாட்டான். இத்தனை வருஷம் சாவி அவன் கையில்தானே இருந்தது, அழிக்கவில்லையே. இதை ஏன் இதுவரை ஒருநாளும் நினைக்கவில்லை என்று அந்த எண்ணம் ஓர் ஆணியில் சேலை மாட்டியதைப் போல நின்றது, இழுத்தாள், வரவில்லை. "பேரை வாசிச்சாச்சா?" என்று போன் கேட்டது. ஜெபக்கனி பாக்கியத்தாயைப் பார்த்தாள். புஷ்பமும் பார்த்தாள். இதற்குப் பதில் சொல்லவேண்டியவள் ஒருத்திதான். "இல்ல" என்றாள் பாக்கியத்தாய். அவன் வெள்ளைச் சட்டையோடு படியிறங்கிய பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் சொல் அது.  "வாசிச்சிருந்தா நான் குடுக்கணும்னு இல்ல" என்றான். "வாசிக்கலன்னா நான் இன்னும் சங்கத்து ஆளு. சங்கம் கேட்டா சங்கத்து ஆளு குடுத்துத்தான் ஆகணும். விதி அதானே?" "அதான்" என்றாள் அவள். அவன் எண்ணைச் சொன்னான். ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, சொல்லி முடித்து முதலிலிருந்து மறுபடியும். சங்கத்தில் எதையும் இரண்டுமுறை வாசிப்பார்கள் என்பதை அவன் மறக்கவில்லை. ஜெபக்கனியின் விரல்கள் ஓடின. "ஏலே துரை" என்றாள் புஷ்பம் போனுக்குக் குனிந்து, "கம்பெனி வக்கீலுக்குத் தெரிஞ்சா உன்னைய வெளிய தள்ளிருவானுவளே." "தள்ளட்டும் சித்தி. அது என் பாடு." "சாப்ட்டியாலே?" "மணி மூணாவுது சித்தி, இன்னுமா சாப்பிடாம இருப்பேன்."

திரையில் வட்டம் சுற்றி நின்றது. முதன்மை மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டது. அவன் முகவரி இருந்த இடத்தில் சங்கத்தின் பெயர், சின்ன எழுத்தில், வேறு யாருடைய பெயரும் ஒட்டாமல். பாக்கியத்தாய் அதை இரண்டுமுறை வாசித்தாள். ஜெயித்தாயிற்று. திங்கட்கிழமை கம்பெனி வக்கீல் எழுந்தால், எழுந்தபடியே உட்காரவேண்டியதுதான். கதவு பூட்டியிருந்தது என்று எஸ்தர் சொல்வாள், நீதிமன்றத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த வீடியோக்களில் எல்லாம் கேள்வி கேட்கிற குரல் அவனுடையது என்பதும் அப்போது எல்லோருக்கும் கேட்கும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதை மாற்ற முடியாது. "வச்சிரட்டுமா யக்கா?" என்று ஜெபக்கனி கேட்டாள். "வைக்காதீங்க" என்றது போன். "வாசிக்கட்டும்."  கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் ஓடி நின்றது. "வேண்டாம்ளா பாக்கியம்" என்றாள் புஷ்பம், இந்தமுறை சிரிப்பில்லாமல். "பிள்ள கேட்டதும் குடுத்துட்டான். மாத்தியாச்சு. இப்பம் எதுக்குப் பேரு. அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்." அடுத்த கூட்டம். அந்த இரண்டு சொல்லும் இந்த அறையின் சுவரில் பழைய பசை மாதிரிக் காய்ந்து கிடந்தன, சுரண்டினால் சுண்ணாம்போடு வரும். வாசிக்காமல் விட்டால் அவன் சங்கத்து ஆளாகவே இருப்பான், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எவ்வளவு சுலபம். சுலபமானதை அவள் இரண்டுமுறை வாசிப்பாள். காந்திமதி என்ற கிழவி, மகன் பெயரோடு தன் பெயரும் கடற்கரையில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு மறுநாள் சந்தைக்கு வரவில்லை என்று சொன்னார்கள். வராவிட்டால் போகட்டும் என்றாள் பாக்கியத்தாய் அன்றைக்கு. அடுத்தவளின் பெயரை வாசித்த வாய் தன் பெயர் வரும்போது மூடிக்கொண்டால், அதற்குப் பிறகு அது வாயில்லை. அதோடு, கேட்கிறவன் அவன். வாசிக்கட்டும் என்கிறான், உறுப்பினனாகக் கேட்கிறான், அந்த உரிமையை மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை, அவளுக்கும் இல்லை. மேசையைப் பிடித்து எழுந்தாள். எழுந்ததும் முழங்கால் வலித்தது, அது பழைய வலி, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டத்தில் செய்வதைப் போலவே முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள், ஈரம் எதுவும் இல்லாதிருந்தும். புஷ்பமும் எழுந்தாள், வெற்றிலையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு. ஜெபக்கனி போனைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தாள், தீபத்தட்டை ஏந்துவதைப் போல. "இறால் உரிக்கும் பெண்கள் சங்கத்தின் இணையக் கணக்கு இன்றுவரை இவர் கையில் இருந்தது" என்று தொடங்கினாள். குரல் நடுங்கும் என்று அந்த அறையில் யாராவது எதிர்பார்த்திருந்தால் அவர்கள் அவளை அறியாதவர்கள். "இன்று முதல் இல்லை. சாட்சிகள் கேளுங்கள்." பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கேட்க அவள் சொன்ன அதே முறையில், தாயின் பெயரை முதலில் வைத்து, கீழே ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"பாக்கியத்தாய் மகன் ஞானதுரை."